தெத்துப்பல்காரர்

வக்கீலம்மா சிரித்தாள். அதில் ஒரு தப்பும் இல்லை. கையால் வாயை மூடாமல் சிரித்தாள். அதுதான் அவளுடைய கணவருக்குப் பொறுக்கவில்லை.

கணவர் பல் டாக்டர். மனைவியின் அலுவலகக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்த காபிக் கடையின் கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். கையில், மனைவி வீட்டில் மறந்துவிட்டுப் போன மூக்குக் கண்ணாடி. அதைக் கொடுக்கிற சாக்கில் அவளோடு ஒரு காபி குடிக்கலாம் என்று, கிளினிக்கில் ஆட்களைக் காக்க வைத்துவிட்டு ஆசையாக ஓடி வந்திருந்தார். உள்ளே அவள் ஏற்கெனவே வேறொருவரோடு காபி குடித்துக்கொண்டிருந்தாள்.

மனைவியின் வாயைப் பற்றி உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாத ஒரு விவரம் டாக்டருக்குத் தெரியும். வலது பக்கக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் ஓர் அடைப்பு. கல்யாணமான புதிதில் அவரே அடைத்தது. வாயைத் திறந்தால் வெள்ளி நிறத்தில் பளிச்சென்று தெரிகிறதே என்று அவளுக்குக் கூச்சம். அன்றிலிருந்து எந்த வேடிக்கைக்கும் முதலில் அவள் கை வாய்க்குப் போகும், பிறகுதான் சிரிப்பு வரும். இப்போது அவளுடைய இரண்டு கைகளும் காபிக் கோப்பையைப் பிடித்திருந்தன. அடைத்த பல் தெருவுக்கே தெரிந்தது.

எதிரில் இருந்தவரை டாக்டர் பார்த்தார். மற்றவர்கள் ஒரு ஆளைப் பார்த்தால் முகத்தைப் பார்ப்பார்கள், சட்டையைப் பார்ப்பார்கள். டாக்டர் பல்லைப் பார்ப்பார். வயது ஐம்பதா அறுபதா என்று சொல்ல முடியாத அந்த ஆளுக்கு அத்தனையும் சொந்தப் பல். மேல்வரிசையில் ஒரே ஒரு தெத்துப்பல். அது மட்டும் இல்லாவிட்டால் சாதாரணச் சிரிப்பு. அது இருந்ததால், பார்க்கிறவர்களும் கூடவே சிரிக்க வேண்டிய சிரிப்பு.

டாக்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பொறாமை அவருக்குப் புதிதல்ல. குழந்தையாக இருந்தபோது அம்மா பக்கத்து வீட்டுக் குழந்தையைத் தூக்கினால் தரையில் புரண்டு அழுவாராம். மனைவி அதிகமாகக் கொஞ்சுகிறாள் என்று வீட்டுப் பூனையை நண்பர் வீட்டுக்கு அனுப்பியவர். அப்பா காலமான பிறகு அம்மா பாட்டு வகுப்பில் சேர்ந்தபோது வாத்தியாருக்குச் சுருதியே சேரவில்லை என்று சொல்லி நிறுத்தியவர். அப்படிப்பட்டவர் கண்ணில் போய் ஒரு தெத்துப்பல் விழலாமா?

மூக்குக் கண்ணாடியைக் கொடுக்காமலே திரும்பிவிட்டார். அன்று கிளினிக்கில் வாயைத் திறந்தவர்கள் எல்லாரும் பாவம்.

சாப்பாட்டு மேஜையில்தான் ஆரம்பித்தார். ஒரு பக்கம் மனைவி, மறு பக்கம் அம்மா.

"மத்தியானம் காபிக் கடையில யாரோடயோ இருந்தே போல."

"ஆமா."

"யாரு?"

"சொல்ல மாட்டேன்."

"உன் கட்சிக்காரரா?"

"அதையும் சொல்ல மாட்டேன்."

"அப்ப கட்சிக்காரர் இல்ல."

"இல்லைன்னும் சொல்ல மாட்டேன்."

"பேரையாவது சொல்லு."

"இதோ பாருங்க. எங்க ஆபீஸ் வாசல் வரைக்கும் வந்து ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போனவங்களைப் பத்திக்கூட நான் வெளிய பேசக்கூடாது. கேஸை நான் எடுத்தாலும் சரி, எடுக்காம வேற வக்கீல்கிட்ட அனுப்பிட்டாலும் சரி. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். நன்றாகவே தெரியும். டாக்டரின் சித்தப்பா மகன் விவாகரத்து வாங்கி, வேறு பெண் பார்த்து, கல்யாண அழைப்பு வந்தபோதுதான் டாக்டருக்கு விஷயமே தெரிந்தது. மனைவிக்கோ முதல் நாளே தெரியும். சொந்தக்காரர் வழக்கைத் தொடுவதில்லை என்று அவனை அதே கட்டடத்தின் மேல்மாடியில் இருக்கிற வக்கீலிடம் அனுப்பிவிட்டு, அத்தனை மாதமும் வீட்டில் மூச்சு விடவில்லை. அன்றைக்கு அதை நினைத்து டாக்டர் பெருமைப்பட்டார். இன்றைக்கு அந்தப் பெருமை நெஞ்சில் மீன் முள்ளாகக் குத்தியது.

"வாயைத் திறக்க வெக்கிறதுதான் என் தொழிலே" என்றார் கறுவிக்கொண்டு.

"மூடி வெக்கிறது என் தொழில்" என்றாள் மனைவி.

அம்மா அவசரமாகக் குறுக்கே வந்தாள். "அவளைத் தொந்தரவு பண்ணாதடா. தொழில்னா நாலும் இருக்கும். சாப்பிடு, ஆறிப்போகுது."

எப்போதும் மகனுக்கு வக்காலத்து வாங்குகிற அம்மா. அவளும் கட்சி மாறிவிட்டாளே என்று டாக்டர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

மறு வியாழக்கிழமை டாக்டர் காபிக் கடைக்குள்ளேயே போய் உட்கார்ந்தார். வியாழன்தான் என்று தெரிந்துகொள்வது கஷ்டமாக இல்லை. வியாழக்கிழமை காலைகளில் மனைவி ஒருவித உற்சாகத்தோடு கிளம்பினாள். அன்றைக்கு அம்மாவும் நடைப்பயிற்சிக் குழுவுக்குக் கிளம்புகிற நாள். வீட்டில் தன்னைத் தவிர எல்லாருக்கும் வியாழக்கிழமை பிடித்திருப்பதாக டாக்டருக்குப் பட்டது.

அடையாளம் தெரியாமலிருக்க கிளினிக் முகமூடியையும் தலையில் துணித் தொப்பியையும் மாட்டிக்கொண்டிருந்தார். மேஜைக்கு வந்த காபியை முகமூடியைக் கழற்றாமல் குடிக்க முடியாது என்பதை அவர் யோசிக்கவில்லை. காபி ஆறியது. பரிமாறுகிறவர் இரண்டு தரம் வந்து பார்த்துவிட்டு, மூன்றாம் தரம் பரிதாபமாகக் கேட்டார்.

"ஸ்ட்ரா கொண்டு வரட்டுமா சார்?"

"ஷ்ஷ்!"

முதுகுக்குப் பின்னால், தூணுக்கு அந்தப் பக்கம், மனைவியும் தெத்துப்பல்காரரும்.

"மேல என்ன பேசிட்டிருக்காங்களோ?" என்றது ஆண் குரல்.

"அதை மட்டும் என்கிட்ட கேக்காதீங்க" என்றாள் மனைவி. "அவங்க தனியாத்தான் பேசணும். நீங்க பக்கத்துல இருந்தா மனசுல இருக்கிறதைச் சொல்ல மாட்டாங்க. அதுக்குத்தான் ரெண்டு பேரையும் தனித்தனியாக் கூப்பிடறது."

"சரி, வேற பேசுவோம். உங்க வீட்டுக்காரர் எப்படி? கோபக்காரரா?"

"கோபம் கிடையாது. பொறாமை."

"அடடா!"

"தங்கமான மனுஷன்தான். ஆனா தன்னோடதுன்னு நினைச்சதை யாரும் தொடக்கூடாது."

"அப்ப அவருக்குத் தெரிஞ்சா..."

"மெதுவாத்தான் சொல்லணும்."

பிறகு அவர் ஏதோ தணிந்த குரலில் சொன்னார். மனைவி சிரித்தாள். திரும்பிப் பார்க்காமலே டாக்டருக்குத் தெரிந்தது, அது கை வைத்து மூடாத சிரிப்பு. மூடிய சிரிப்புக்குச் சத்தம் வேறு.

எல்லாம் விளங்கிவிட்டது என்று டாக்டர் முடிவு செய்தார். தெத்துப்பல்காரர் தன் மனைவியை விவாகரத்து செய்கிறார். மேல்மாடியில் அந்த அப்பாவிப் பெண் வக்கீலிடம் தனியாக உட்கார்ந்து கண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறாள். கீழே இந்த ஆள் அடுத்தவர் மனைவியோடு காபி குடித்துக்கொண்டு, அவளுடைய கணவனைப் பற்றி விசாரித்துக்கொண்டிருக்கிறார். மேலே இருக்கும் அந்த முகம் தெரியாத மனுஷிக்காக டாக்டரின் மனம் உருகியது. இந்த உலகத்தில் இப்போது அவருக்குத் துணை அவள் ஒருத்திதான். இரண்டு பேரும் ஒரே படகு.

அவளை எச்சரிப்பது தன் கடமை என்று தோன்றியது. அவள் விழித்துக்கொண்டு புருஷனை இழுத்துப் பிடித்தால் தன் பிரச்சினையும் தீரும் என்பதும் தோன்றாமல் இல்லை.

கிளினிக்குக்குத் திரும்பியதும் மேல்மாடி வக்கீல் அலுவலகத்துக்குப் போன் செய்தார். வாய்க்குள் இரண்டு பக்கமும் பஞ்சை அடக்கிக்கொண்டார். குரல் மாறியது. உயிர் போகிற பல்வலிக்காரர் குரல் மாதிரி ஆனது.

எடுத்தவர் அங்கே குமாஸ்தாவாக இருக்கும் அம்மாள். கறாருக்குப் பேர் போனவர்.

"வியாழக்கிழமை உங்க வக்கீலைப் பாக்க ஒரு அம்மா வர்றாங்க இல்ல?"

"யார் வர்றாங்க, யார் போறாங்கன்னு நாங்க சொல்றதில்ல."

"சொல்ல வேணாம். கேட்டுக்குங்க. அவங்க கூட வர்ற தெத்துப்பல்காரரை நம்பாதீங்கன்னு அவங்ககிட்ட சொல்லணும். அந்தாளுக்கு வேற ஒருத்தியோட சகவாசம் இருக்கு."

"நீங்க யாரு பேசறது?"

"அந்த அம்மாவோட நல்லதை நினைக்கிறவன்."

"பேரு?"

டாக்டர் பதற்றத்தில் பஞ்சை விழுங்கப் பார்த்தார். இருமினார். போனை வைத்துவிட்டார். ஆனால் மனம் நிறைந்திருந்தது. ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் காப்பாற்றியாயிற்று.

பலன் தெரிய அதிக நாள் ஆகவில்லை. வீடே களையிழந்தது. மனைவி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வெளியே பார்த்தபடி இருந்தாள். அம்மா நடைப்பயிற்சிக்கே போகவில்லை. தட்டில் போட்டதை அளைந்துகொண்டிருந்துவிட்டு எழுந்து போனாள்.

"என்னம்மா, உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு ஒண்ணும் இல்ல. இந்தக் காலத்துல யாரை நம்பறதுன்னே தெரியலடா."

"என்னை நம்பும்மா" என்றார் டாக்டர் நெகிழ்ந்து.

அம்மா அவர் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சொல்லாமல் அவர் தலையைத் தடவிவிட்டுப் போய்விட்டாள். மருமகள் போக்கு பிடிக்காமல் வேதனைப்படுகிறாள், மகனிடம் சொல்ல மனம் வரவில்லை என்று டாக்டர் புரிந்துகொண்டார். அம்மா திரும்பவும் தன் கட்சிக்கு வந்துவிட்டாள். அன்று நிம்மதியாகத் தூங்கினார்.

அந்த நிம்மதிக்கு ஆயுசு குறைவு. அந்த வாரமே கிளினிக் கதவைத் திறந்துகொண்டு தெத்துப்பல்காரர் உள்ளே வந்தார்.

"பல்லைச் சுத்தம் பண்ணணும் தம்பி. உங்களைப் பத்தி ரொம்ப நல்லாச் சொன்னாங்க."

"யாரு சொன்னா?"

"வேண்டப்பட்டவங்கதான்" என்று சொல்லிவிட்டு அவர் சிரித்தார். கிளினிக்கில் பல வருஷமாக வேலை பார்க்கும், யாருக்கும் லேசில் சிரிக்காத நர்ஸம்மாகூடச் சிரித்துவிட்டார். டாக்டருக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

நாற்காலியில் சாய்த்து வாயைத் திறக்கச் சொன்னார். எதிரியின் வாய் முழுசாகத் தன் கையில். டாக்டர் பஞ்சை அடைத்தார், எச்சில் உறிஞ்சும் குழாயை மாட்டினார், பிறகு விசாரணையை ஆரம்பித்தார்.

"என்ன தொழில்?"

"ஆ... ஊ..."

"அடிக்கடி காபி குடிப்பீங்களோ?"

"ஆ."

"வியாழக்கிழமையா?"

"ஆ?"

"டாக்டர்" என்றார் நர்ஸம்மா, "பஞ்சை எடுத்தாத்தானே அவர் பேச முடியும்?"

பஞ்சை எடுத்தார். தெத்துப்பல்காரர் தாடையைத் தடவிக்கொண்டு மனம்விட்டுப் பேச ஆரம்பித்தார். கப்பலில் எஞ்சினியராக இருந்தவராம். வேலையை விட்டு வந்தாயிற்றாம்.

"சீக்கிரமே கல்யாணம் பண்ணிக்கப் போறேன் தம்பி."

டாக்டர் கையில் இருந்த துளைக்கும் கருவி, எந்தப் பல்லையும் தொடாமலே காற்றில் சுற்றியது. "மறுபடியுமா?"

"மறுபடியும்தான். அந்த மாதிரி ஒரு மனுஷி கிடைக்கிறது என் பாக்கியம். ஆனா அவங்க வீட்ல ஒருத்தர்கிட்ட மட்டும் இன்னும் சொல்லல. ரொம்பப் பாசக்காரர். தாங்குவாரோ மாட்டாரோன்னு அவங்களுக்கு ஒரே பயம்."

"தாங்க மாட்டார்" என்றார் டாக்டர்.

"நீங்களும் அப்படித்தான் நினைக்கிறீங்களா?"

"கண்டிப்பாத் தாங்க மாட்டார்."

தெத்துப்பல்காரர் பெருமூச்சு விட்டார். "போதாக்குறைக்கு நடுவுல யாரோ ஒரு பாவி போன் பண்ணிக் கலகம் மூட்டிட்டான். எனக்கு வேற சகவாசம் இருக்காம். அதிலேருந்து அவங்க என்கிட்ட சரியா முகம் கொடுத்தே பேசறதில்ல."

எறிந்த கல் ஒரு மாதிரி சுற்றி வந்து சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது! டாக்டர் முகமூடிக்குள் சிரித்துக்கொண்டார்.

"ஆனாலும் நான் விடப்போறதில்ல தம்பி. எத்தனை நாளானாலும் காத்திருப்பேன்" என்று அவர் மறுபடியும் சிரித்தார். தெத்துப்பல் மின்னியது.

முகமூடிக்குள் டாக்டரின் சிரிப்பு நின்றது. இந்த ஆளின் பலமெல்லாம் எங்கே இருக்கிறது என்று அவருக்கு இப்போது பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. அந்த ஒரு பல். அதை மறைத்தால் போதும்.

"இந்தத் தெத்துப்பல்லை இப்படியே விடக்கூடாது. கிளிப் போடணும்."

"இந்த வயசுலயா?"

"பல்லுக்கு ஏது வயசு?"

நர்ஸம்மா பின்னாலிருந்து டாக்டரின் அங்கியைப் பிடித்து இழுத்தார். "டாக்டர், அந்தப் பல் எந்தத் தொந்தரவும் பண்ணலையே" என்று காதில் சொன்னார்.

"எனக்குத் தொந்தரவு பண்ணுது" என்றார் டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு.

தெத்துப்பல்காரர் டாக்டரை நிமிர்ந்து பார்த்தார். "தம்பி, நீங்க என் நல்லதுக்குத்தானே சொல்றீங்க?"

அவர் தலைக்கு மேலே சுவரில் ஒரு சட்டம் மாட்டியிருந்தது. 'நோயாளியின் நலமே எங்கள் முதல் கடமை.' கிளினிக் திறந்த அன்று மனைவி எழுதி வாங்கி வந்து மாட்டியது. டாக்டர் அதன் பக்கம் போகாமல் கண்ணைத் திருப்பிக்கொண்டார்.

"நல்லதுக்குத்தான்."

"அப்பப் போடுங்க. நீங்க சொன்னா எனக்கு மறுபேச்சு இல்ல."

அந்த வார்த்தை டாக்டருக்கு உறுத்தியது. இல்லை என்று சொல்ல முடியாது. ஆனாலும் கம்பியைக் கட்டினார். கட்டி முடித்ததும் கண்ணாடியை நீட்டினார். கப்பல் எஞ்சினியர் தன்னைப் பார்த்துக்கொண்டார். மேல்வரிசை முழுக்க இரும்பு.

"நானே கப்பல் மாதிரி ஆயிட்டேன்" என்று சொல்லிச் சிரித்தார்.

கம்பியோடு பார்த்தபோது அந்தச் சிரிப்பு பத்து வயதுப் பையன் சிரிப்பு மாதிரி இருந்தது. நர்ஸம்மா "ஐயோ, எவ்வளவு அழகா இருக்கு!" என்று வாய்விட்டுச் சொன்னார். டாக்டருக்கு அந்த இடத்திலேயே ஏதோ தப்பாகிவிட்டது என்று சந்தேகம் வந்தது.

வீட்டில் சந்தேகம் உறுதியானது. மாலையில் மனைவி உள்ளே வந்தாள், கணவரைப் பார்த்தாள், அப்படியே நாற்காலியில் சரிந்து கையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள்.

"என்ன?"

"பல்லுக்குக் கிளிப் போட்டா எத்தனை நாள் இருக்கணும்?"

"யாருக்கு?"

"சொல்ல மாட்டேன்."

"நீ சொல்லாட்டி என் நோயாளிங்களைப் பத்தி நானும் சொல்ல மாட்டேன். எனக்கும் தொழில் நெறி இருக்கு."

"உங்களுக்கா?" என்றாள் மனைவி. சிரிப்பு நின்றுவிட்டது. "தேவையே இல்லாத ஒருத்தருக்குக் கம்பி கட்டறது எந்த நெறியில வருதுங்க?"

டாக்டருக்கு முகம் சிவந்தது. கோபமாக எழுந்து போனார். போனவர் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டார். அதுவும் எந்த நெறியிலும் வராது.

அம்மாவின் குரல் கேட்டது. எத்தனையோ நாளைக்குப் பிறகு அதில் உயிர் இருந்தது.

"பிரியம் இல்லாத ஆளு, இந்த வயசுல வாயில கம்பி கட்டிக்குவாராம்மா? நல்லவராத்தான் இருக்கணும்."

"அதைத்தானே அத்தை நானும் நினைச்சேன். ஆனா முடிவை நான் சொல்லக்கூடாது."

"இவன்கிட்ட இனிமேலும் மறைக்கிறது பாவம்."

"நான் சொல்ல முடியாது அத்தை. எனக்கு அந்த உரிமை இல்ல."

"சரி, வியாழக்கிழமை அங்க வரச் சொல்லு. எல்லாத்தையும் முடிச்சிடலாம்."

தன் மனைவிக்கு இன்னொரு ஆள். அந்த ஆளுக்குத் தூது தன்னைப் பெற்ற அம்மா! கம்பி கட்டி எதிரியை ஒழிக்கப் போய், அந்தக் கம்பியையே அவருக்கு நற்சான்றிதழாக்கிக் கொடுத்தது தன் கைதான். இதைவிடக் கேவலமாக ஒருவன் தோற்க முடியுமா? அவருக்கு முதல் தடவையாகக் கோபம் போய் அழுகை வந்தது.

வியாழக்கிழமை காலை மனைவி அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டாள். வழக்கமாகச் செய்கிறவள் இல்லை.

"மத்தியானம் கிளினிக்கை மூடிட்டு எங்க பில்டிங் மேல்மாடிக்கு வரீங்களா?"

"எதுக்கு?"

"அதைச் சொல்ல வேண்டியது நான் இல்ல. வாங்க. கொஞ்சம் பெரிய மனசோட வாங்க."

விவாகரத்துக் கையெழுத்து. வேறென்ன? மேல்மாடி என்றதும் டாக்டருக்குச் சந்தேகமே இல்லை. சொந்தக்காரர் வழக்கை அவள் மேலேதானே அனுப்புவாள்? தன் வழக்கையும் நியாயமாக அங்கேயே அனுப்பியிருக்கிறாள். அந்த நேர்மையை நினைத்ததும் அவளை இழப்பது இன்னும் கசந்தது.

போகிற வழியெல்லாம் பேச வேண்டியதை ஒத்திகை பார்த்தார். கத்தக்கூடாது. கெஞ்சக்கூடாது. கண்ணியமாக இரண்டு வார்த்தை. படியேறி முடிப்பதற்குள் ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோயிற்று.

மேல்மாடியில் வக்கீல் அறைக்கு வெளியே ஒரு நீளமான பெஞ்சு. அறைக் கதவு சாத்தியிருந்தது. பெஞ்சில் மனைவியும் தெத்துப்பல்காரரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் புதுக் கோட்டு போட்டிருந்தார். டாக்டரைப் பார்த்ததும் எழுந்து நின்று, கம்பி தெரியச் சிரித்தார்.

"வாங்க தம்பி. உங்களைத்தான் எதிர்பாத்துட்டு இருக்கோம்."

"நீங்க பேசாதீங்க" என்றார் டாக்டர். பிறகு மனைவியிடம் திரும்பினார். "எனக்கு ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு. இத்தனை வருஷமா என் எதிர்ல ஒரு நாளாவது கையை வாயில வைக்காம சிரிச்சிருக்கியா? அந்தப் பல்லை அடைச்சவன் நான். எனக்குத் தெரியாத பல்லா அது? இவர் முன்னாடி மட்டும் எப்படி வருது அந்தச் சிரிப்பு?"

மனைவி அவரை அண்ணாந்து பார்த்தாள்.

"அதுவா இத்தனை நாளா உங்க மனசுல?" என்றாள் மெதுவாக. "நான் சிரிச்சா நீங்க அந்த அடைப்பைத்தானே பாப்பீங்க? கழண்டிருக்கா, மறுபடி அடைக்கணுமான்னு. மத்தவங்க சிரிப்பைப் பாக்கறாங்க. அதான் அவங்க முன்னாடி மூடத் தோணல."

உண்மைதான். ஒவ்வொரு தடவையும் அவர் பார்த்தது அடைப்பைத்தான். இதை முன்னமே தெரிந்துகொண்டிருந்தால் இந்த மேல்மாடிக்கு வர வேண்டியிருந்திருக்காதே என்று நினைத்தார். நினைத்ததும் மூடி வைத்ததெல்லாம் உடைந்தது.

"அதுக்காக இன்னொரு ஆளைத் தேடிக்குவியா? இவரையா கட்டிக்கப் போறே? என் பொண்டாட்டியை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்! இந்தக் கல்யாணத்தை நடக்க விட மாட்டேன்! இங்க வந்து அழுதுட்டிருக்காங்களே அந்த அப்பாவி அம்மா, அவங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்!"

தெத்துப்பல்காரரின் வாய் திறந்தபடி நின்றது. கம்பி முழுவதும் தெரிந்தது. டாக்டர் இழுக்காமலே அது இத்தனை அகலம் திறந்தது அன்றுதான்.

மனைவி "நானா?" என்றாள். மறுபடியும் "நானா?" என்றாள். மூன்றாவது தடவை வார்த்தை வரவில்லை, சிரிப்புதான் வந்தது. கை வாய்க்குப் போகவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொள்ளவே இரண்டு கையும் போதவில்லை. ஏதோ சொல்லப் பார்த்தாள், முடியாமல் சாத்தியிருந்த கதவை விரலால் காட்டினாள். அடைத்த பல் பளபளத்தது. இவ்வளவு கலவரத்திலும் டாக்டர் முதல் முறையாக அந்தப் பல்லை விட்டுவிட்டு அவள் சிரிப்பைப் பார்த்தார். எவ்வளவு அழகு என்று தோன்றியது. யாருக்கும் விட்டுக்கொடுக்க முடியாத அழகு.

அப்போது கதவு திறந்தது. கறாரான அந்தக் குமாஸ்தா அம்மாள் எட்டிப் பார்த்து, மூன்று பேரையும் அளந்துவிட்டு, டாக்டரிடம் சொன்னார்:

"மணப்பெண்ணோட மகன் நீங்கதானே? சீக்கிரம் உள்ள வாங்க சார், எவனோ வாயில பஞ்சை வெச்சுக்கிட்ட மாதிரி குரல்ல போன் பண்ணினதிலேருந்து உங்கம்மா, 'என் பிள்ளை வந்து இவரு நல்லவர்னு சொன்னாத்தான் கல்யாணப் பத்திரத்துல கையெழுத்துப் போடுவேன்'னு பேனாவைத் தொட மாட்டேங்கிறாங்க!"